'ஒஹாயோ' பார்க்கும்போது செய்யும் தவறுகள்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவின் பெயரைக் கேட்டதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான். 1959-இல் அவர் எடுத்த 'ஒஹாயோ' (காலை வணக்கம்) படத்தில், பையன்கள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருவன் நெற்றியை இன்னொருவன் அழுத்துவான். உடனே குசு விட வேண்டும். அதற்காகக் குதிகால் தேய்க்கிற கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியைத் தின்னவும் செய்கிறார்கள். "பெரிய டைரக்டராச்சே, உள்ளே ஏதாவது தத்துவம் இருக்கும்" என்று சிரிப்பை அடக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கணவர் குசு விடுகிறார், "கூப்பிட்டீங்களா?" என்று மனைவி எட்டிப் பார்க்கிறார். ஐம்பது தாண்டிய மனிதர் சிரிக்க வைக்கத்தான் இதை எடுத்திருக்கிறார்.

அடுத்தது, கதை எப்போது தொடங்கும் என்று காத்திருப்பது. நானும் முதல் தடவை 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்று மூடி வைத்தவன்தான். கதை சின்னது. மினோருவும் தம்பி இசாமுவும் டிவி வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள். வளவளவென்று பேசாதே என்று அப்பா அதட்ட, பெரியவர்கள் மட்டும் என்ன பேசுகிறார்களாம் என்று மூத்தவன் எகிறுகிறான். காலை வணக்கம், மாலை வணக்கம், இன்றைக்கு நல்ல வெயில், எங்கே கிளம்பிட்டீங்க, சும்மா இப்படித்தான்... அப்புறம் அண்ணனும் தம்பியும் வாயே திறப்பதில்லை, பள்ளிக்கூடத்தில்கூட.

சப்டைட்டிலை மட்டும் நம்புகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். "டோச்சிரா எ?" என்றால் எங்கே போகிறீர்கள். "சொட்டோ சொகோ மாதே" என்றால், இதோ கொஞ்சம் அங்கே வரைக்கும். கேட்டவருக்கு விலாசம் தேவையில்லை, சொன்னவரும் தரவில்லை. ஆங்கிலத்தில் வாசித்தால் உப்புச் சப்பில்லாத உரையாடல். தெருமுனையில் "என்ன, கிளம்பியாச்சா?" என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதைப் புரிந்துகொள்ள சப்டைட்டில் எதற்கு? எழுத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள்.

பெண்கள் பேசும் இடங்களை வெறும் அரட்டை என்று தள்ளிவிடவும் கூடாது. மகளிர் சங்கச் சந்தாப் பணம் காணோம். தலைவி ஹராகுச்சி வீட்டிலோ புது வாஷிங் மெஷின். கடைசியில் பார்த்தால் பணத்தை வாங்கி வைத்த ஹராகுச்சியின் அம்மா மறந்துபோயிருக்கிறார். அது தீர்ந்த கையோடு பையன்களின் மௌன விரதம் வருகிறது. வணக்கம் சொன்ன ஹராகுச்சிக்குப் பதில் இல்லை. பையன்களின் அம்மாதான் அந்தப் பண விவகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டுகிறார். ஒரு ஒஹாயோ குறைந்ததற்குத் தெருவே கசமுசாவாகிவிடுகிறது.

காமிரா தாழ்வாக, அசையாமல் இருப்பதால் போரடிக்கிறது என்பவர்கள், தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து வாழும் வீடுகள் அவை. பார்வையும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

டிவி வந்ததும் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைப்பதும் அவசரம். 1959 ஏப்ரலில் நடந்த பட்டத்து இளவரசர் திருமணத்தைப் பார்க்கவே ஜப்பானில் பலர் டிவி வாங்கிய காலம் அது. டிவி நாட்டையே முட்டாளாக்கும் என்று பேசுகிற அப்பா ஏன் இறங்கி வந்தார்? வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் திண்டாடிய பக்கத்து வீட்டுக்காரருக்கு மின்சாதனங்கள் விற்கும் வேலை கிடைத்திருக்கிறது. அவரிடம்தான் வாங்குகிறார். யாரும் அதை விளக்கிச் சொல்வதில்லை, கவனிக்காவிட்டால் போய்விடும்.

அதோடு படத்தை நிறுத்தியும் விடாதீர்கள். கடைசியில் ஒரு ரயில் நிலையம். பையன்களின் சித்தியும், அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் இளைஞரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை. பொடியன் இசாமு பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஐ லவ் யூ" என்று உதிர்த்துக்கொண்டு திரிகிறான். இவர்களோ நல்ல வெயில் என்கிறார்கள், ஆமாம் நல்ல வெயில் என்கிறார்கள், அந்த மேகம் வேடிக்கையாக இருக்கிறது என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஃபோனைக் கையில் எடுக்காதீர்கள்.