நியூரான் துடிக்கும்போது வெளிவரும் பிடிஎன்எஃப்: வெல்லிலேயே பிடித்து அளக்கும் முறை

மூளையில் நியூரான்களை, அதாவது நரம்பு செல்களைத் தழைக்க வைக்கும் வளர்ச்சிக் காரணிகளில் பிடிஎன்எஃப் (BDNF) என்ற புரதம் முக்கியமானது. 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நியூரான் சும்மா இருக்கும்போதும் இது கொஞ்சம் கசியும். மின்துடிப்பு அடுக்கடுக்காக வந்தால் கூடுதலாக வெளிவரும். அந்தக் கூடுதலை அளப்பதுதான் நம் வேலை. மதுரை வட்டாரத்தில் செல் வளர்ப்பு வசதி உள்ள கல்லூரி ஆய்வகங்களில் இதைச் செய்யலாம். கருவுற்ற எலி தேவைப்படும், ஆகவே விலங்கு நெறிக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள்.

பிடிஎன்எஃப் நேர்மின்னூட்டம் மிகுந்த புரதம். கண்ணாடி, பிளாஸ்டிக், செல்லின் மேற்பரப்பு என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். செல்களின் மேலிருக்கும் திரவத்தை எடுத்து எலைசா (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து, நிறத்தால் அளக்கும் சோதனை) போட்டவர்கள் பலருக்குப் பூஜ்யம் வருவது இதனால்தான்; நியூரான் விடாததால் அல்ல. எனவே 96 வெல் (சிறு குழி) கொண்ட எலைசா பிளேட்டின் தரையில் முதலிலேயே பிடிஎன்எஃப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசி, அதன் மேலேயே நியூரான்களை வளர்க்கிறோம். வெளிவந்ததும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பிளேட்டைப் புற ஊதா விளக்கில் கிருமிநீக்கி, செல் ஒட்டுவதற்குப் பாலிலைசின் பூசி, பிறகு ஆன்டிபாடியை 4 டிகிரியில் ஓரிரவு விடுங்கள். மறுநாள் கழுவி, 18 நாள் எலிக் கருவின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் செல்களை இடுங்கள். ஓரத்து வெல்கள் சீக்கிரம் வற்றும், அவற்றில் செல் வேண்டாம். வெறும் நீர் ஊற்றி வையுங்கள். வளர்ப்பு நாள் கூடக்கூட, தானாகக் கசிந்ததையும் ஆன்டிபாடி பிடித்துக்கொண்டே போகும். அடிப்படை அளவு ஏறும், பிடிக்கும் இடமும் நிரம்பும். ஆகவே ஒப்பிட வேண்டியதெல்லாம் ஒரே பிளேட்டில், ஒரே நாளில் இருக்க வேண்டும்.

கரைசல்கள் மூன்று, தலா 100 மில்லி. மூன்றுக்கும் பொதுவாக, பி.எச். மாறாமல் காக்கும் ஹெப்பெஸ் 0.238 கிராம், குளுக்கோஸ் 0.18 கிராம், ஆறு நீர்மூலக்கூறு கொண்ட மக்னீசியம் குளோரைடு 20 மில்லிகிராம், ஒட்டுவதைக் குறைக்க மாட்டு ஆல்புமின் 0.1 கிராம், பி.எச். 7.4.

சாதாக் கரைசலுக்கு சோடியம் குளோரைடு 0.847 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.037 கிராம், இரு நீர்மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 29 மில்லிகிராம். தூண்டும் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார், அதாவது 0.373 கிராம், அதற்கு ஈடாக சோடியம் குளோரைடை 0.584 கிராமாகக் குறையுங்கள். குறைக்காமல் விட்டால் சவ்வூடு அழுத்தம் ஏறி செல் சுருங்கும். மூன்றாவது தூண்டும் கரைசலே, ஆனால் கால்சியம் இல்லாமல், மிச்சக் கால்சியத்தைக் கட்டிப்போடும் இஜிடிஏ 38 மில்லிகிராம் சேர்த்தது. செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால்தான் தூண்டலில் பிடிஎன்எஃப் வெளிவரும், ஆகவே இது ஒப்பீட்டுக்கு.

இந்த மூன்றாவதில்தான் நம் ஊர்த் தண்ணீர் காலை வாரும். போர்வெல் நீரின் கடினத்தன்மை (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது) கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தாலே அது 3 மில்லிமோலாருக்குச் சமம். நாம் அளந்து போடும் கால்சியமே 2 மில்லிமோலார்தான். பாட்டிலைக் குழாய் நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் வெள்ளைப் பொருக்கு படியும். கடைசி இரண்டு அலசலும் உயர்தரச் சுத்திகரிப்பு நீரில் இருக்கட்டும்.

வெல்களைச் சூடான சாதாக் கரைசலால் மெதுவாகக் கழுவி, அந்தந்தக் கரைசலை 100 மைக்ரோலிட்டர் விட்டு, 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். செல் இல்லாத வெல்களில், ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த பிடிஎன்எஃப் 0 முதல் லிட்டருக்கு 500 நானோகிராம் வரை அளவுத்தொடராக ஓடட்டும்.

மின்தூண்டல் கருவி இருந்தால் இன்னும் நல்லது. 100 ஹெர்ட்ஸில் 4 துடிப்பு, 200 மில்லிசெகண்டுக்கு ஒரு கொத்து என்று ஒரு நிமிடம் கொடுத்தால் 1200 துடிப்பு. அதே 1200-ஐ 5 ஹெர்ட்ஸில் சீராகக் கொடுக்க 4 நிமிடம் ஆகும். எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் கொத்தாகக் கொடுத்தால் வெளியீடு அதிகம். வைகை அணையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வாய்க்கால் மண்ணே குடித்துவிடும். வேகத்தோடு விட்டால்தான் கடைமடை பார்க்கும். செல்லுக்குள் பிடிஎன்எஃப்பை வைத்திருக்கும் பைகளும் கால்சியம் வாயிலுக்குச் சற்றுத் தள்ளியே இருக்கின்றன. மெதுவாக நுழையும் கால்சியத்தைச் செல்லின் புரதங்களும் பம்புகளும் வழியிலேயே வாங்கிவிடும்.

சோடியம் வாயிலை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் 1 மைக்ரோமோலார் சேர்த்தால் மின்தூண்டல் வெளியீடு நிற்க வேண்டும். பொட்டாசியத் தூண்டலில் அது முழுதாக நிற்காது, ஏனெனில் பொட்டாசியம் சோடியம் வாயிலைத் தாண்டி நேரே கால்சியம் வாயிலைத் திறக்கிறது. இதைப் பார்த்துப் பரிசோதனை கெட்டுவிட்டது என்று பலர் பிளேட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். போட வேண்டாம். பொட்டாசிய வெல்லுக்குக் கால்சியம் இல்லாத கரைசல்தான் சரியான சாட்சி. அதிலும் அளவு இறங்கவில்லை என்றால் செத்த செல்லிலிருந்து ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். மேல்திரவத்தில் எல்டிஎச் (செல் உடைந்தால் வெளியே ஒழுகும் என்சைம்) பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு டிவீன் என்ற சோப்பு போன்ற பொருள் கலந்த கரைசலால் ஐந்து முறை கழுவி செல்களை முழுவதும் அகற்றுங்கள். மிச்சம் இருந்தால் பொய் நிறம் வரும். இரண்டாம் ஆன்டிபாடி, என்சைம் ஆன்டிபாடி, நிறம் தரும் டிஎம்பி, நிறுத்த அமிலம், 450 நானோமீட்டரில் வாசிப்பு: இவை கிட் தாளில் உள்ளபடியே. ஆனால் அந்தத் தாள் சொல்லும் அறை வெப்பம் 25 டிகிரியை ஒட்டியது. சித்திரை மாத மதுரையில் ஏசி இல்லாத அறையில் டிஎம்பி நீலம் விறுவிறுவென ஏறி, அளவுத்தொடரின் மேல் முனை தட்டிப்போகும். ஏசியை 24-இல் வைத்துச் செய்யுங்கள்.

ரத்த சீரத்தில் அளந்து மூளையின் வெளியீடு என்று எழுதுவது வேறு கதை. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் விடும் பிடிஎன்எஃப்தான் சீரத்தில் பெரும்பங்கு.

கணக்கில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஒரே தாயின் கருக்களிலிருந்து வந்த 8 வெல்கள் 8 பரிசோதனை அல்ல, ஒன்றுதான். வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று வளர்ப்புகளாவது கையில் இருந்தால்தான் சராசரி போட வேண்டும்.