நோயுற்ற மரத்தவளையும் நம் அவசரக் கைகளும்

இரவு 11 மணிக்கு மரத்தவளை தொட்டியின் தரையில் உட்கார்ந்திருந்தால் ஏதோ சரியில்லை. எங்கள் குண்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் கண்ணாடியில் நான்கு கால்களையும் பதித்து, வெளிறிய வயிற்றை எங்களுக்குக் காட்டிக்கொண்டு தொங்கும். அன்று மூலையில், கண்ணைப் பாதி மூடி, பிழிந்து போட்ட ஈரத்துணிபோல் கிடந்தது. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீடு அடுத்த பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வார்டாக மாறியது. அம்மா மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்துவிட்டார். நான் குண்டுவைத் தூக்கிக் குழாய்த் தண்ணீரில் கழுவப் போனேன். மகன் ஒரு புழுவை அதன் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு, "அப்பா, வாயைத் திறந்து உள்ளே வைத்துவிடலாமா?" என்று கேட்டான்.

மூன்றுமே தவறு. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தவளை வளர்க்கும் நம்மவர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லோருமே முதல் இரவில் இதே மூன்றில் ஒன்றையாவது செய்திருக்கிறார்கள்.

குண்டு ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. இங்குள்ள செல்லப்பிராணிக் கடைகளில் டம்பி என்று விற்பார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். மழை பெய்தால் நம் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் பழுப்பு நிற மரத்தவளை வேறு இனம். அதைப் பிடித்துத் தொட்டியில் போடாமல் விட்டுவிடுவதே நல்லது. ஆனால் தோல் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான்.

தோலில் தடவினால் ஊட்டியதாகிவிடும்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. ஆகவே நம் கையில் களிம்பு தடவுவதையும் தவளையின் மேல் தடவுவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அதன் கணக்கில் அது மருந்தை விழுங்கியதற்குச் சமம்.

எவ்வளவு தீவிரம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இனிப் பிழைக்காது என்ற நிலையில் இருக்கும் தவளையைக் கருணையோடு விடைகொடுத்து அனுப்ப, கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று அதன் தோலில் பென்சோகைன் களிம்பைத் தடவுவது. தடவினால் போதும், ஊசிகூட வேண்டாம். பல்வலிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சில களிம்புகளில் இருப்பதும் அதே பென்சோகைன்தான். பெயர் 'கைன்' என்று முடியும் வலிநிவாரணி எதுவாக இருந்தாலும் தவளை இருக்கும் அறைக்கே கொண்டுவராதீர்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "புண்ணுக்கு மஞ்சளை விட்டால் வேறு என்ன மருந்து இருக்கிறது?" என்றார். நமக்குச் சரி. தவளையின் மேல் மஞ்சள் காய்ந்து ஒட்டினால், மூச்சுவிடும் தோலை அடைத்துவிடும். அதைக் கழுவி எடுக்கத் தேய்த்தால் தோலே உரிந்துவிடும். வேப்பிலைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், தேன் கலந்த குளியல், கோடாலித் தைலம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கைச் சூட்டுக்கு அடுத்தபடியாகக் கைச் சோப்பும் கிருமிநாசினியும் எதிரி. தொட்டே ஆக வேண்டுமென்றால் பவுடர் இல்லாத கையுறையை மாட்டி, அதைக் குளோரின் இல்லாத தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள். சோப்பு வேண்டியது தவளையைத் தொட்ட பிறகு, நமக்கு. தவளையிடமிருந்து சால்மொனெல்லா கிருமி மனிதருக்கு வரும்.

நான் செய்யப்போன குழாய்த் தண்ணீர் வேலையும் இந்தக் கணக்கில்தான் சேரும். குளோரின் தோல் வழியே நேராக உள்ளே போகும். தண்ணீரைப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீரில் அது அப்படி எளிதில் போகாது. அலங்கார மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை வாங்கி, புட்டியில் சொன்ன அளவில் கலந்துவிடுவது பாதுகாப்பு. 'சுத்தமாக இருக்கட்டுமே' என்று காய்ச்சி வடித்த தண்ணீரில் தவளையை உட்கார வைப்பவர்களும் உண்டு. அதில் உப்புச் சத்தே இல்லாததால், தண்ணீர் உடலுக்குள் அதிகமாக ஏறி, உடலிலுள்ள உப்புகள் நீர்த்துப்போகும். வயிறு ஏற்கனவே வீங்கிய தவளைக்கு இது ஆபத்து.

புகையும் தோலில் படுவதுதான். டிங்கி வந்த வட்டாரத்தில் புகையடிக்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால், ஜன்னலைச் சாத்துவதோடு நிற்காமல், தவளையைப் பெட்டியில் வைத்து வேறு இடத்துக்கு எடுத்துப்போய்விடுங்கள். கொசுவை விழுத்தாட்டும் மருந்து தவளையைத் தனியாக விட்டுவைக்காது. கொசுவத்திச் சுருளும் அப்படியே. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக் குண்டு இருக்கும் அறைக்குக் கொண்டுவருவதை நிறுத்த எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. இப்போது சாமியறைக் கதவைச் சாத்திவிட்டுப் போடுகிறோம்.

நோயல்லாததை நோய் என்று நினைப்பது

குண்டு வந்த முதல் மாதத்தில் ஒரு நாள் அது வாயைப் பிளந்து பிளந்து மூடுவதையும், முதுகை வளைத்துப் புடைப்பதையும், பின்காலால் தலையைத் துடைப்பதையும் பார்த்து, தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று பதறினோம். அருகில் போய்ப் பார்த்தால் கண்ணாடித்தாள்போன்ற ஒன்று வாயின் ஓரமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தோல் உரித்து, உரித்த சட்டையை அதுவே தின்றுகொண்டிருந்தது. இது அவ்வப்போது நடக்கும் வழக்கமான காரியம். நாள் தவறாமல் உரிவதும், உரிந்த துண்டுகள் உடம்பிலேயே தொங்குவதும்தான் கவலைக்குரியவை.

நிறமும் அப்படித்தான். பச்சை பழுப்பாக மாறியதும் நோய் என்று முடிவுகட்டாதீர்கள். குளிர், இருட்டு, அது உட்கார்ந்திருக்கும் இடம் எதனாலும் நிறம் மாறும். இந்தத் தவளையின் அறிவியல் பெயரில் வரும் 'கெருலியா' என்ற சொல்லுக்கு நீலம் என்று பொருள். 1790-இல் அறுவை மருத்துவர் ஜான் வைட் இதைப் பற்றி முதலில் எழுதியபோது அவரிடம் இருந்தது சாராயத்தில் ஊறிய உடல். மஞ்சள் நிறம் கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. நிறத்தை நம்பிப் பெயர் வைத்தவருக்கே அந்தக் கதி.

நம்ப வேண்டியது எடையை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு தவளையை டப்பாவில் விட்டு நிறுங்கள். வாரம் ஒரு முறை, நோயென்றால் நாளுக்கு ஒரு முறை. வளர்ந்த தவளை நான்கைந்து நாள் சாப்பிடவில்லை, ஆனால் எடை நிற்கிறது என்றால் பொறுக்கலாம். எடை இறங்கினால் பொறுக்கக் கூடாது.

எடையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே புறப்பட வேண்டிய நிலைகளும் உண்டு: மல்லாத்தினால் புரள முடியாமல் கிடப்பது, கைகால் வெட்டி இழுப்பது, அடிவயிறும் தொடையும் ரத்தச் சிவப்பாவது, உடல் பலூன்போல் ஊதுவது, கழிவுத் துவாரத்தில் குடல் பிதுங்கி நிற்பது. கடைசியில் சொன்னதற்கு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள். விரலால் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

குண்டுவின் நாக்கு

இங்கேதான் நான் முழுமுட்டாளாக இருந்தேன். தரையில் உட்கார்ந்த அந்த இரவுக்கு மூன்று வாரம் முன்பே குண்டு குறி தவற ஆரம்பித்திருந்தது. செங்கெரிக் என்னும் சிள்வண்டுப் பூச்சியைப் பார்க்கும், பாயும், நாக்கை நீட்டும், பூச்சி மட்டும் வராது. மறுபடி பாயும். மகன் சிரித்தான், நானும் சிரித்தேன். வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "பூச்சியில் தூவும் சத்துப் பொடி எப்போது வாங்கியது?" இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பினாங்கின் காற்றில் அது கட்டிதட்டி, கரண்டியால் இடித்து எடுக்கும் நிலைக்கு வந்திருந்தது. டப்பாவைத் திறந்தபின் வைட்டமின்கள் மெல்லச் செத்துப்போகும். ஈரம் அதை விரைவுபடுத்தும். வைட்டமின் ஏ குறைந்தால் தவளையின் நாக்கில் பசை சுரக்கும் திசு வறண்டு தடித்துவிடும். நாக்கு போய்ப் பூச்சியைத் தொடுகிறது, ஒட்டுவதில்லை. பழுது கண்ணில் இல்லை, நாக்கில் இருந்தது. அதற்குமுன் என் அலமாரியில் இருந்தது.

அப்போதும் ஒரு தவறுக்கு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. வைட்டமின் ஏ குறைவு என்று தெரிந்ததும் மனிதருக்கான மாத்திரையை உடைத்துச் சொட்டுவிடும் வேலை. இந்த வைட்டமின் உடலில் தங்கிவிடும், மிஞ்சினால் நஞ்சு. அளவை மருத்துவர் சொல்லட்டும். நாம் செய்யக்கூடியது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய டப்பா வாங்குவதும், அதில் ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ இருக்கிறதா என்று பார்ப்பதும். பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் திறன் பல தவளைகளுக்குக் குறைவு. கால்சியமும் வைட்டமின் டி3-உம் குறைந்தால் வேறு துன்பம்: தாடை ரப்பர்போல் வளையும், கால் நடுங்கும்.

மகன் கேட்டதுபோல் வாயைத் திறந்து ஊட்டுவது, கால்சியம் குறைந்த தவளைக்கு நடந்தால் தாடையே முறியலாம். திடமான தவளைக்கும் அது பெரும் அதிர்ச்சி. உடலில் நீர் வற்றியிருக்கும்போது வயிற்றில் உணவைத் திணித்தால் செரிக்காமல் அங்கேயே கிடக்கும். முதலில் நீர், பிறகுதான் சோறு. தேவைப்பட்டால் எப்படி ஊட்டுவது என்று மருத்துவர் ஒரு முறை செய்து காட்டுவார்.

குளிர்சாதனமும் மீன் மருந்தும்

உடம்பு சரியில்லாதவரைக் குளிர்ந்த அறையில் படுக்கவைப்பது நமக்குப் பழக்கம். தவளைக்கு அது இரட்டைத் தீங்கு. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. குளிரில் தவளையின் நோயெதிர்ப்பும் மந்தமாகிறது. உலகெங்கும் தவளைகளைக் கொன்று குவித்த கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-இல்தான் அறிவியல் பெயர் சூட்டினார்கள். அது செழித்து வளர்வது 17 முதல் 25 பாகை செல்சியஸில். 22-இல் வைத்த படுக்கையறை அதற்கு நட்சத்திர விடுதி. அதற்காக வெயிலில் வைத்துவிடாதீர்கள். மூடிய கண்ணாடித் தொட்டி அரை மணியில் அடுப்பாகிவிடும். இந்தத் தவளைக்கு 24 முதல் 29 பாகை போதும். நம் ஊரில் நிழலான, காற்றோட்டமுள்ள ஓர் அறை அதைப் பெரும்பாலும் இலவசமாகவே தருகிறது.

மீன் கடை மருந்துகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை: வேண்டாம். மீனுக்கான மாலகைட் பச்சை தவளைக்கு நஞ்சு. போன முறை நாய்க்கு வாங்கி மிஞ்சிய எண்டிபயோட்டிக்கும் வேண்டாம். 40 கிராம் உடம்புக்கு அரைத் துளி கூடினாலும் கூடியதுதான். மேலும் சிவந்த கால் பாக்டீரியாவாலும் வரலாம், தொட்டிச் சுவரில் உரசியும் வரலாம், கைட்ரிட்டாலும் வரலாம். பூஞ்சைக்குப் பாக்டீரியா மருந்து கொடுத்து நாளைக் கடத்தினால் போகும் நாள் திரும்பாது.

நோயாளியைப் பழைய தொட்டியில் விடுவதும், மற்ற தவளைகளோடு விடுவதும் அடுத்த தவறு. காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி, அடியில் மணமோ நிறமோ இல்லாத டிஸ்யூ தாளை ஈரமாக்கி விரிப்பு, ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த கிண்ணம். இவ்வளவுதான். டிஸ்யூவைத் தினமும் மாற்றுங்கள். கழிவின் அம்மோனியாவையும் தோல் உறிஞ்சிக்கொள்ளும்.

பாலத்தைத் தாண்டி

பெரும்பாலான கிளினிக்குகள் நாய், பூனையோடு நின்றுவிடும். நோய் வந்த பிறகு தேடாமல், இன்றே நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, "தவளை பார்ப்பீர்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் அக்கரையில் இருந்தார். மாலை நெரிசலில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் எவ்வளவு நீளும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். டப்பாவை மடியில் வைத்திருந்தேன். வண்டியின் குளிர்காற்று நேராக அதன் துளைகளில் அடித்துக்கொண்டிருந்ததைக் கடைசி வரை கவனிக்கவில்லை. இறங்கும்போது டிஸ்யூ அப்பளமாகக் காய்ந்திருந்தது. சிறிய ஐஸ் பெட்டியில், ஐஸ் இல்லாமல், டப்பாவை வைத்து எடுத்துப்போவது நல்லது. டப்பாவில் தண்ணீர் நிரப்பாதீர்கள். சோர்ந்த தவளை மூழ்கிவிடும். தொட்டியின் புகைப்படம், எடைக் குறிப்பு, சத்துப் பொடி டப்பா, கிடைத்தால் அன்றைய கழிவு, எல்லாம் கூடவே போகட்டும்.

தேறியதும் அதே தொட்டியில் அப்படியே திருப்பிவிட நினைத்தேன். மருத்துவர் விடவில்லை. பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கண்ணாடியைக் கழுவி, அலசி, வாடை முழுக்கப் போகும் வரை காயவைத்தோம். செடிகளும் மரக்கட்டையும் குப்பைக்குப் போயின. நோயாளியின் தண்ணீரைக்கூட வெறுமனே சாக்கடையில் ஊற்றாமல் பிளீச் கலந்து வைத்திருந்து கொட்டச் சொன்னார். பூஞ்சை இருந்தால் அது கால்வாய் வழியே வெளியிலுள்ள தவளைகளிடம் போய்விடும். 'பாவம், சாகும்போதாவது சுதந்திரமாக இருக்கட்டும்' என்று நோயுற்ற தவளையைப் பினாங்கு மலையில் விட்டுவிட்டு வருபவர்கள் செய்வதும் அதைத்தான்.

குண்டு ஆறு வாரம் பெட்டியில் இருந்தது. 38 கிராமில் போனது, 43-இல் திரும்பியது. முதல் பூச்சி நாக்கில் ஒட்டிய இரவு, கண்களை உள்ளே அழுத்தி அதை விழுங்கியது; தவளை கண்ணாலும்தான் விழுங்கும். அம்மா தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கிண்ணம் இல்லை.