பழனி மலையில் நல்ல காபி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழனி மலைத்தொடரில் இருக்கும் கொடைக்கானலுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் கேட்பது, “இங்கே நல்ல காபி எங்கே கிடைக்கும்?” என்பதுதான். காபி விளையும் மலையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நல்ல காபி கிடைத்துவிடும் என்று நம்பி வந்து, ஏரிக்கரையில் கழுநீர் போன்ற ஒன்றைக் காசு கொடுத்துக் குடித்துவிட்டு, முகம் சுளித்தபடி கேட்பவர்களே அவர்களில் அதிகம். கொட்டை விளைவது ஓரிடம், பதமாவது வேறிடம், வறுபடுவது இன்னோரிடம், டம்ளரில் விழுவது நான்காவது இடம் என்பது தெரியாததால் வரும் ஏமாற்றம் அது.

கொடைக்கானல் நகரத்தையே காபி ஊர் என்று எண்ணுவதில்தான் பலருடைய தவறு தொடங்குகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இங்குள்ள புல்வெளிகளில் உறைபனி படியும். காபிச் செடி உறைபனியைத் தாங்காது. எனவே இந்த மலையில் அரபிக்கா என்னும் காபி வகை விளையும் தோட்டங்கள் நகரத்துக்கு வெகு கீழே, பெரும்பாலும் 1,000 முதல் 1,500 மீட்டர் வரையிலான சரிவுகளில், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர் ஆகிய ஊர்களைச் சுற்றி அமைந்திருக்கின்றன. உள்ளூர் வழக்கில் இப்பகுதிக்குக் கீழ்மலை என்று பெயர். சில்வர் ஓக், பலா, முள்முருங்கை ஆகிய மரங்களின் நிழலில் காபியும், மரங்களில் ஏறிய மிளகுக்கொடியும், இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சுமாகத் தோட்டங்கள் இருக்கும். காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில்தான் இருக்கிறது. காபிக்காகவே மலையேறுகிறவர் ஏரியையும் தூண் பாறையையும் சுற்றிவிட்டு இறங்கினால், காபியை ஒரு பக்கமாகக் கடந்து போய்விட்டார் என்றே சொல்ல வேண்டும். பெருமாள்மலை வழியாகப் பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் போக ஒரு முழு நாளைத் தனியாக ஒதுக்குவது நல்லது.

காலத்தைத் தவறாகக் கணிப்பது இதையொட்டிய இன்னொரு பிழை. கோடை விழாவுக்கென மே மாதத்தில் வருபவர்கள், செடி நிறையச் சிவந்த பழங்களை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் பூமழை, அதாவது காபி மொட்டை மலர வைக்கும் மழை, விழுந்த எட்டு, பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகையை நினைவூட்டும் மணம் வீசி, இரண்டு மூன்று நாட்களிலேயே வாடிவிடும். பழம் பறிப்பு பெரும்பாலும் ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை, மாசி வரை நீள்கிறது. எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது என்பதால் ஒரே செடிக்கு ஆட்கள் மூன்று நான்கு முறை திரும்பி வந்து பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டியிருக்கும். பச்சைக்காயையும் சேர்த்து உருவிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் காயின் துவர்ப்பு கடைசியில் டம்ளர் வரை வந்து சேரும்.

அடுத்தது, “எஸ்டேட் காபி” என்ற எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் பொட்டலத்தை வாங்கிவிடுவது. இதை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சாக்லேட்டும் யூக்கலிப்டஸ் தைலமும் விற்கும் ஒரு கடையில், பச்சை மலைப் படம் அச்சிட்ட அரைக்கிலோ பொட்டலம் ஒன்றை மதுரையில் இருக்கும் அக்காவுக்காக வாங்கினேன். அக்கா பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இதில் காபி வாசனையே இல்லையே, தம்பி” என்றாள். தூள் வெளிறிப்போய்க் கட்டி தட்டியிருந்தது. வறுத்த தேதியைப் பார்க்காமல் வாங்கியது என் குற்றம்.

அப்பொட்டலம் ஏன் அப்படி இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கொட்டையின் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறித்த பழத்தை அன்றே பல்பர் இயந்திரத்தில் போட்டுத் தோலை நீக்கி, வழவழப்பு நீங்கும்வரை நொதிக்கவிட்டு, கழுவி, களத்தில் காயவைக்கிறார்கள். மேலே மஞ்சள் நிற மெல்லிய ஓட்டோடு இருக்கும் இந்தக் கொட்டைக்குப் பார்ச்மென்ட் என்று பெயர். பழத்தைத் தோலோடு அப்படியே காயவைத்தால் அது செர்ரி. மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம் என்பதால் காய்ந்த கொட்டையும் ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும். எனவே பார்ச்மென்ட் மூட்டைகள் மலையடிவாரத்துக்கு, குறிப்பாகப் பட்டிவீரன்பட்டிக்கு இறங்குகின்றன. அங்கேதான் ஓடு நீக்கி, சல்லடையில் சலித்து, பீபரி (உருண்டையான ஒற்றை விதை), ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். இந்த ஊருக்கும் காபிக்கும் உள்ள உறவு பழையது. சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனும் பட்டிவீரன்பட்டிக் காபித் தோட்டக் குடும்பத்தில் வந்தவர்தான். தரம் பிரித்த கொட்டை அங்கிருந்து வெளிநாட்டுக்கும் வெளி மாநிலத்துக்கும் போகிறது. ஆகவே கொடைக்கானல் கடையில் தொங்கும் தூள், மலையை விட்டு இறங்கி, எங்கெங்கோ சுற்றி, வாங்குபவரைவிட நீண்ட பயணம் செய்து மீண்டும் மேலே வந்ததாக இருக்கலாம். அது இந்த மலைக் கொட்டைதானா என்பதும் பொட்டலத்தில் உள்ள மலைப் படத்தைப் பார்த்தால் தெரியாது.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வறுத்த தேதி அல்லது குறைந்தபட்சம் பொட்டலமிட்ட தேதி. வறுத்த கொட்டை முழுதாக இருந்தால் சில வாரங்கள் மணம் காக்கும்; அரைத்த தூள் அதைவிட மிக விரைவாக மணத்தை இழக்கும். இரண்டாவது, சிக்கரி எவ்வளவு என்பது. கலவைக் காபியில் காபியின் அளவு எடையில் 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், காபியும் சிக்கரியும் எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பொடி எழுத்தில் இருந்தாலும் தேடிப் படியுங்கள். விலை அடிமட்டமாக இருந்தால் மகிழ்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ பச்சைக்கொட்டைக்கு ஏறத்தாழ ஆறு கிலோ பழம் வேண்டும், வறுக்கும்போது எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அத்தனை பழத்தையும் சரிவில் நின்று கையால் பறித்தவர்களின் கூலி அதற்குள் இருக்கிறது.

இவ்வளவு யோசிப்பதற்குப் பதில், வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்கு நேரே போய்விடலாம் என்பது என் கருத்து. வத்தலக்குண்டிலும் பட்டிவீரன்பட்டியிலும் அப்படிப்பட்ட கடைகளின் வாசலை மூக்கே காட்டிக்கொடுக்கும். உருளை சுழலச் சுழல உள்ளே கொட்டை படபடவென வெடிக்கும் ஓசை கேட்கும். வறுப்பவர் ஒரு நீளக் கரண்டியை நுழைத்து நாலு கொட்டையை எடுத்து, நிறத்தைப் பார்த்து, ஒன்றை விரலால் நசுக்கி, இன்னும் அரை நிமிடம் பொறுத்துக் கொட்டுவார். அகன்ற தட்டில் சரசரவென விழும் கொட்டை புகையோடு பளபளக்கும். அங்கே போய், “நல்ல காபித்தூள் அரைக்கிலோ” என்று மொட்டையாகக் கேட்பதுதான் தவறு. கடைக்காரர் தமக்குப் பழகிய கலவையைத்தான் போட்டுத் தருவார். பில்டருக்கா, வெறும் பாத்திரத்தில் கொதிக்கவைத்து வடிகட்டவா, பால் கெட்டியா தண்ணீர்ப் பாலா, எத்தனை பேர் குடிப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அரபிக்கா மட்டும் என்றால் மணமும் மெல்லிய புளிப்பும் தூக்கலாக இருக்கும். ரொபஸ்டா என்னும் மற்றொரு காபி வகையைச் சேர்த்தால் கசப்பும் கெட்டித்தன்மையும் கூடும். காஃபினும் அரபிக்காவைவிட அதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பீபரி என்றாலே உயர்ந்தது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் தட்டையான முகத்தோடு ஒட்டியிருக்கும். சிலவற்றில் ஒன்று மட்டும் உருண்டையாக வளரும். அதுவே பீபரி. உருண்டையாக இருப்பதால் உருளையில் சீராக வறுபடும் என்பது உண்மை. ஆனால் கவனமின்றிப் பறித்த தோட்டத்துப் பீபரியைவிட, பழமாகவே பறித்துப் பதமாகக் காயவைத்த தோட்டத்து ‘ஏ’ கொட்டை எவ்வளவோ மேல்.

சிக்கரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு செடியின் கிழங்கை வறுத்து அரைத்த தூள். அதில் காஃபின் கிடையாது. பாலோடு சேர்ந்தால் நிறத்தையும் பிடிப்பையும் தரும். பத்து, இருபது சதவீதம் சேர்ப்பது நம் வீடுகளின் ருசி. அதைக் கலப்படம் என்று இகழ்வது எனக்கு உடன்பாடில்லை. கடையில் “ஸ்ட்ராங்காக ஒரு காபி” என்று கேட்டு, கருகரு என்று வந்ததைக் கண்டு திருப்திப்படுவதுதான் சிக்கல். அந்தக் கருமை சிக்கரியால் வந்ததாகவும், கொட்டையைக் கருக வறுத்ததால் வந்ததாகவும் இருக்கலாம். “டிகாக்‌ஷன் தூக்கலாக, பால் குறைவாக” என்று கேட்டால் வேண்டியது கிடைக்கும்.

டீக்கடைகளிலோ இதைவிட அடிப்படையான ஒரு கேள்வியை மறந்துவிடுகிறோம். கடைக்குப் பின்னால் காபித் தோட்டமே இருந்தாலும், மலையில் பல கடைகளில் காபி என்றால் சுடுபாலில் கலக்கும் இன்ஸ்டண்ட் தூள்தான். “அண்ணே, பில்டரா, இன்ஸ்டண்டா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்டர் என்றால் எப்போது இறக்கியது என்பதையும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விடியற்காலை முதல் பேருந்து புறப்படும் நேரத்தில் இறக்கும் முதல் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இருக்கும். அதே தூளில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கியது பதினொரு மணிக்கு வந்து நிற்பவருக்குக் கிடைக்கும். பெரும்பாறையில் காலை ஆறு மணிக்குக் குடித்து மெய்மறந்த கடைக்கு, நண்பர்களை அழைத்துக்கொண்டு மதியம் போய் நான் வெட்கப்பட்டதுண்டு.

கண்ணாடிச் சுவர் வைத்த புதிய காபிக் கடைகளும் கொடைக்கானலில் பெருகிவிட்டன. அவற்றில் சில உண்மையிலேயே அக்கறையோடு நடக்கின்றன. அங்கே பள்ளத்தாக்கு எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு காபியை மதிப்பிடாதீர்கள். எந்தத் தோட்டத்துக் கொட்டை, எப்போது வறுத்தது என்று கேளுங்கள், எஸ்.795, காவேரி போன்ற ரகப் பெயரையும் பதப்படுத்திய முறையையும் தயக்கமில்லாமல் சொல்பவரிடம் நம்பி உட்காரலாம். முதல் முறை போகும்போதே கேரமல் பாகும் கிரீமும் கலந்ததை வாங்கினால் கொட்டையின் குணம் தெரியாது. பாலில்லாமல் ஒன்றோ, பால் குறைந்த சிறு கோப்பையோ வாங்கி, சர்க்கரை போடுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

மலையில் அறை எடுத்துத் தாமே காபி போடுகிறவர்கள் செய்யும் தவறு மிக நுட்பமானது. சித்தி ஒருமுறை மதுரையிலிருந்து பில்டரோடு வந்து தங்கினார். கொதித்த நீரை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்பது அவர் பழக்கம். அப்போதுதான் தூள் கருகாது என்பார். மூன்று நாளும் டிகாக்‌ஷன் வெளிறி, புளித்துப்போய் இறங்கியது. தூள் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை இறங்கும். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காபியின் சாரம் நன்றாக இறங்கத் தேவையான சூடு ஏறத்தாழ அதுவேதான். அதையும் ஆறவிட்டு, விடியற்காலைக் குளிரில் ஜில்லிட்டுக் கிடக்கும் எவர்சில்வர் பில்டரில் ஊற்றினால் சாரம் பாதிதான் இறங்கும். நான்காம் நாள் பில்டரை வெந்நீரில் அலசிச் சூடாக்கி, தளதளவெனக் கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றி, மூடி, ஒரு துண்டால் சுற்றிவைத்தோம். அன்று சித்தி இரண்டாவது டம்ளர் கேட்டார்.

தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அனுமதி கேட்காமல் உள்ளே நுழைய வேண்டாம். களத்தில் காயும் பார்ச்மென்டை மிதிக்க வேண்டாம். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பு எடுத்துச் செல்லுங்கள். காட்டுமாடு நடமாட்டம் உண்டு என்பதால் அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். கொடைக்கானலுக்கு வாகனத்தில் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மலையிறங்கும்போது தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை, சித்தரேவு, அய்யம்பாளையம் வழியாக வந்தால் பட்டிவீரன்பட்டி வழியிலேயே இருக்கும்; தூளை அங்கே வாங்கிக்கொள்வதே உசிதம். அரைத்த சூட்டோடு பொட்டலத்தை இறுக்கி ஒட்டச் சொல்லாதீர்கள். உள்ளே வியர்த்துத் தூள் கட்டி தட்டிவிடும். வாயைச் சற்றே திறந்தபடி வாங்கி, வத்தலக்குண்டு வரும்வரை மடியிலேயே வைத்திருந்து, தொட்டுப் பார்த்து ஆறிய பிறகு மடித்து மூடுங்கள்.