ஊரில் பித்தநாளக் கல்லுக்குச் சிகிச்சையா? முதலில் திரும்பும் டிக்கெட்டைப் பாருங்கள்

ஊருக்குப் போகும்போது உடம்பையும் ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் நம்மில் நிறைய. லண்டனிலும் டொராண்டோவிலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஸ்கேனைச் சென்னையிலோ மதுரையிலோ அன்றே எடுத்துவிடலாம். ஆனால் அந்த ஸ்கேனில் ‘பித்தநாளத்தில் கல்’ என்று வந்துவிட்டால், எந்தச் சிகிச்சை என்ற முடிவில் உங்கள் விமானத் தேதிக்கும் பங்கு உண்டு.

பித்தப்பைக்குள் கல் சும்மா கிடந்தால் அவசரமில்லை. அங்கிருந்து நழுவி, பித்தத்தைச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் நாளத்துக்குள் இறங்கிய கல்தான் தொல்லை. அது வழியை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கருமஞ்சளாகப் போகும், மலம் வெளிறும், உடம்பு அரிக்கும். காமாலையோடு குளிர்காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியும் சேர்ந்தால், அடைபட்ட நாளத்தில் கிருமி பரவியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டு வந்துவிடுவார்கள், கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறு வரும். அன்பாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் நாளத்தை அடைத்த கல்லுக்கு இரண்டுமே வழிவிடாது, நாள்தான் போகும்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும், நாளத்துக் கல்லைப் பல நேரம் தவறவிடும். எம்.ஆர்.சி.பி என்ற எம்.ஆர்.ஐ வகை ஸ்கேனோ, எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டோதான் அதை உறுதிப்படுத்தும். “ஈ.ஆர்.சி.பி போட்டுப் பார்த்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், முதலில் எம்.ஆர்.சி.பி எடுக்கலாமா என்று கேளுங்கள். வெறுமனே பார்ப்பதற்காக ஈ.ஆர்.சி.பி செய்வது இப்போது வழக்கமில்லை.

ஏனென்றால் ஈ.ஆர்.சி.பி ஒரு சிகிச்சை. வாய் வழியாகக் குழாயைச் சிறுகுடல் வரை இறக்கி, நாளம் திறக்கும் வாயைச் சற்றே வெட்டி, பலூனாலோ கூடை போன்ற கம்பியாலோ கல்லை இழுத்து விடுவார்கள். 1974 முதல் நடைமுறையில் உள்ள முறை இது. வயிற்றில் காயம் கிடையாது, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். முக்கிய ஆபத்து கணைய அழற்சி; சுமார் 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு வரலாம், பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். அதைக் குறைக்க ஆசனவாய் வழியாக வலிநிவாரணி மருந்து வைப்பதுண்டு. வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். கல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் உடைத்து எடுக்க வேண்டும். சில இடங்களில் நாளத்துக்குள்ளேயே கேமராவை விட்டு லேசரால் உடைக்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஈ.ஆர்.சி.பி நாளத்தைத்தான் சுத்தம் செய்கிறது. கற்களை உண்டாக்கிய பித்தப்பை அங்கேயே இருக்கிறது. அதையும் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவையில்) எடுக்க வேண்டும், முடிந்தால் அதே அட்மிஷனில், இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள். “மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்” என்று விமானம் ஏறினால் அடுத்த கல் உங்கள் வரிசை வரும்வரை காத்திருக்காது.

அதனால்தான், ஒரே மயக்கத்தில் பித்தப்பையையும் நாளத்துக் கல்லையும் லேப்ராஸ்கோப்பியிலேயே எடுக்கும் முறை லீவில் வருபவர்களுக்கு நல்ல தேர்வு என்பது என் எண்ணம். கல்லை அகற்றுவதில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கட்டமாகச் செய்தால் ஆஸ்பத்திரி நாட்கள் குறைகின்றன, நாளத்தின் வாயையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் இதற்குக் கை பழகிய சர்ஜன் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி போன்ற பெரிய இடங்களில் விசாரிக்கலாம். நாளம் ஒல்லியாக இருந்தால் அதை வெட்டித் திறக்கத் தயங்குவார்கள். பித்தத்தை வெளியே வடிக்கும் குழாயான டி-டியூப் வைப்பீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். வைத்தால் சில வாரங்கள் கழித்துத்தான் எடுப்பார்கள், டிக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

உடல் எடைக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு வாய் வழிக் குழாய் எளிதில் எட்டாது. அவர்களுக்கு லேப்ராஸ்கோப்பியோ, விலா வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி நாளத்தை அடைவதோ வழி.

எந்த முறையானாலும் முடிந்தபின் இரண்டு வாரமாவது ஊரில் இருங்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் ஓரிரு நாளிலேயே பறக்கலாம் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் பித்தக் கசிவும் ரத்தக்கசிவும் சில நாள் கழித்தே தலைகாட்டலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பணம், விசா. திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்குச் சாதாரணப் பயணக் காப்பீடு பொதுவாகக் கொடுக்காது. ஓ.சி.ஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மற்றவர்கள் இந்தியாவின் இ-மெடிக்கல் விசா தங்களுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். செலவு மதிப்பீட்டில் ஸ்டென்ட் (நாளம் அடைபடாமலிருக்க உள்ளே வைக்கும் சிறு குழாய்), பலூன், கூடை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்டென்ட் வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை ஏறக்குறைய 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும்; மறந்தால் அதுவே அடைத்துக்கொண்டு காய்ச்சலைக் கொண்டுவரும். வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, எந்த வகை என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எம்.ஆர்.சி.பி படங்களைச் சி.டி-யிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பிய வாரமே உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டி, எடுப்பதற்கான தேதியைக் கேளுங்கள். அதற்குள் குளிரோடு காய்ச்சல் வந்தால் அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லுங்கள்.