உணவுக்குப் பதில் ஷேக்: வாங்கும் முன் ஒரு நிமிடம்

சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக், சூப் எல்லாமே விளம்பர வித்தை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதற்குக் கறாரான ஆய்வுகள் இருக்கின்றன.

பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வின் முதலாண்டு முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டைப் 2 சர்க்கரை நோய் வந்து 6 ஆண்டுக்கு மேல் ஆகாத, இன்சுலின் போடாதவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். 3 முதல் 5 மாதம் வரை சாப்பாட்டுக்குப் பதில் ஷேக், சூப்தான், நாளுக்கு 825–853 கிலோகலோரி மட்டுமே. பிறகு வழக்கமான உணவு கொஞ்சம் கொஞ்சமாக. ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை அளவு நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களிலோ 86 சதவீதம்! இரண்டாம் ஆண்டில் அந்த 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கவனிக்க: அங்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவக் குழு முதல் நாளே நிறுத்தியது. நீங்களாக ஆரம்பித்து மாத்திரையையும் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) வரலாம், தலைசுற்றி விழலாம். மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இது சரிப்படாது. மலச்சிக்கல் சகஜம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல்லும் வரக்கூடும்.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். புரதத்தோடு வைட்டமின், தாது உப்புகளும் முழுமையாக இல்லாத வெறும் புரதப் பொடி இந்த வகையில் சேராது. ஷேக்கை நிறுத்திய பிறகு என்ன சாப்பிடுவது என்ற திட்டத்தையும் முதல் நாளே எழுதி வையுங்கள், எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான்.