கூண்டைத் திறந்தது யார்? மரபணுத் திகில் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. மரபணு ஆராய்ச்சியில் பிறக்கும் விபரீதப் பிராணியின் கதை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. ஆரம்பத்தில் நானும் எழுதித் தள்ளிய அதே அபத்தங்களைப் புதியவர்கள் சலிக்காமல் எழுதுகிறார்கள். பிராணியை முதல் காட்சியிலேயே காட்டாதே, வசனத்தில் பாடம் நடத்தாதே என்பதையெல்லாம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் வேண்டாம்.

விபத்தில் திறக்கும் கூண்டு

மின்சாரம் போகிறது. சிவப்பு விளக்கு சுழல்கிறது. கண்ணாடித் தொட்டி விரிசல் விடுகிறது. பிராணி வெளியே வந்துவிடுகிறது. இப்படி எழுதிய ஓர் இளைஞரிடம், "அன்றைக்கென்று பார்த்து ஏன் மின்சாரம் போனது?" என்று கேட்டேன். "மழை சார்" என்றார். இயற்கையோடு விளையாடும் விஞ்ஞானியைப் பற்றி அறுபது பக்கம் எழுதிவிட்டு, பழியைத் தூக்கி மழையின் தலையில் போட்டால் எரிச்சல் வராதா?

இந்த வகைக் கதையில் நம்மை உலுக்குவது, ஒருவர் தெரிந்தே எடுக்கும் முடிவு. வின்சென்சோ நட்டாலி இயக்கிய 'ஸ்ப்ளைஸ்' (2009) படத்தைப் பாருங்கள். மகத்தான படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் முற்பகுதியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கிளைவ், எல்சா என்ற விஞ்ஞானிகள் மனித மரபணுவைக் கலந்து ட்ரென் என்ற உயிரை உருவாக்குகிறார்கள். அந்த மரபணு எல்சாவுடையது. அதைக் கிளைவிடம் மறைத்துவிடுகிறாள். ட்ரெனுக்குக் கடும் காய்ச்சல் காணும்போது கிளைவ் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவளால் நீரிலும் மூச்சுவிட முடியும் என்பது அப்போதுதான் தெரிகிறது, பிழைத்துக்கொள்கிறாள். காப்பாற்ற அமுக்கினானா, கொல்ல அமுக்கினானா? ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே நம் நிம்மதி போய்விடுகிறது.

அப்படிப்பட்ட படம் ஏன் கடைசியில் சுமாராகிப்போனது? ட்ரென் ஆணாக மாறுகிறாள். அதற்கான முன்னேற்பாடு சரியாகவே இருக்கிறது. முன்பு உருவாக்கிய ஃப்ரெட், ஜிஞ்சர் என்ற பிராணிகளில் ஜிஞ்சர் ஆணாக மாறியதால், நிறைந்த அரங்கில் இரண்டும் ஒன்றையொன்று குதறிக்கொண்டதைப் பார்த்துவிட்டோம். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை வைத்துப் படம் செய்வது, இருட்டுக் காட்டில் ஒரு துரத்தல். அதுவரை முடிவெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வெறும் இரையாகிவிடுகிறார்கள். ட்ரெனால் உண்டான கர்ப்பத்தைத் தொடர எல்சா சம்மதிக்கும் இறுதிக் காட்சியில்தான் பழைய நடுக்கம் திரும்புகிறது. காரணம், அங்கே ஒருவர் மறுபடி முடிவெடுக்கிறார்.

பூட்டைத் திறந்தவர் யார், எதற்கு ஆசைப்பட்டுத் திறந்தார்? ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

ஒரே ஊசியில் உருமாற்றம்

வளர்ந்த ஆளுக்கு ஊசி போட்டதும் மறுநாள் காலையில் செதில் முளைக்கிறது. உடலில் கோடானுகோடி செல்கள் இருக்கின்றன. ஓர் ஊசி அத்தனையையும் எட்டாது. எட்டினாலும், வளர்ந்து முடிந்த உடல் மறுபடி கருவிலிருந்து உருவாகப் போவதில்லை. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்த பிறகும் இதுதான் நிலைமை. கருவிலிருந்தே கதையைத் தொடங்குங்கள்.

முதல் முயற்சியிலேயே வெற்றி

1996இல் பிறந்த டாலி என்ற குளோனிங் ஆட்டுக்காக 277 முறை முட்டைச் செல்லின் உட்கருவை மாற்றிப் பார்த்தார்கள். தேறிய கருக்கள் 29. உயிரோடு பிறந்தது ஒரே குட்டி. உங்கள் கதையில் தேறாமல் போனவை என்னவாயின, எந்த அலமாரியில் இருக்கின்றன? அந்த அலமாரியை ஒரு துப்புரவுப் பணியாளர் தற்செயலாகத் திறக்கட்டும். பத்து உறுமல்கள் தராத பயத்தை அந்த ஒரு காட்சி தரும்.

வெள்ளைக் கோட்டுப் பைத்தியக்காரர்

வேண்டாம்.

ராணுவ அதிகாரி

வருவார். "இதை ஆயுதமாக்கலாம்" என்பார். அவரையும் வெட்டிவிடுங்கள்.

கடைசிக் காட்சியில் ஒரு முட்டை

எல்லாம் எரிந்து அடங்கியதும் மூலையில் ஒரு முட்டை மெல்ல விரிசல் விடுமாம், இரண்டாம் பாகத்துக்காக. முதல் பாகத்துக்கே இன்னும் தயாரிப்பாளர் கிடைக்கவில்லை.