இன்டர்நெட் வேகத்தின் எம்பிபிஎஸ் (Mbps) கணக்கு: மலையில் லைன் வைத்திருப்பவர்களுக்கு

இன்டர்நெட் வேகத்தை மாற்றிக் கணக்கிடும்போது எண்ணை விட்டுவிட்டு முதலில் அலகைப் பாருங்கள். எழுதியிருப்பது பிட்டா, பைட்டா? மடங்கு 1000-ஆ, 1024-ஆ? லைனில் ஓடும் மொத்தமா, நம் கைக்கு வந்து சேரும் மீதியா? இதில் ஒன்றைக் குழப்பினாலும் ஒழுங்காக ஓடும் லைனுக்குப் புகார் கொடுப்போம். அதைவிட மோசம், பழுதான லைனை ‘மலையில் இவ்வளவுதான் வரும்’ என்று விட்டுவிடுவோம்.

ஆங்கிலச் சின்ன எழுத்து ‘பி’ என்றால் பிட், பெரிய எழுத்து என்றால் பைட். பிளானும் ஸ்பீடு டெஸ்டும் பிட்டில் பேசும்; பிரவுசர் டவுன்லோடைப் பைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் போதும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்பது நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்).

ஆனால் திரையில் 12.5 ஓடாது. டேட்டா 1500 பைட் பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றையும் சுற்றி ஈதர்நெட்டின் (கேபிளில் டேட்டா போகும் முறை) முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து 38 பைட். ஆக லைனில் 1538. அந்த 1500-க்குள்ளும் டேட்டாவைச் சரியான இடத்துக்குச் சேர்க்கும் ஐபி, டிசிபி தலைப்புகள் 40 பைட் எடுத்துக்கொள்ள, ஃபைலுக்கு மிஞ்சுவது 1460. 1460-ஐ 1538-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.949. அதாவது 100-இல் 94.9 எம்பிபிஎஸ், நொடிக்கு 11.87 எம்பி. விண்டோஸ் ஒரு எம்பியை 10,48,576 பைட்டாக எண்ணுவதால் அதுவே 11.3 என்று தெரியும். 100 எம்பிபிஎஸ் லைனில் 11.3 பார்த்தால் லைன் முழு வேகத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த 94 என்ற எண்ணை மனதில் வையுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஸ்பீடு டெஸ்ட் 94-ஐத் தாண்டவே இல்லையென்றால், எங்கோ ஒரு போர்ட் 100-இல் நின்றுவிட்டது. ரூட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். அல்லது கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று தொடவில்லை. 100-க்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். குன்னூர், கோத்தகிரி ஈரத்தில் களிம்பு பிடித்த கேபிள் முனைப் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி) பாருங்கள். கம்பெனிக்குப் போன் செய்வது அதற்கப்புறம்.

நெட்வொர்க் வேகத்தில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 லட்சம். இங்கே 1024-ஐக் கொண்டுவராதீர்கள். அது மெமரிக்கும் விண்டோஸ் காட்டும் ஃபைல் அளவுக்கும் உரியது. மொபைல் பிளானில் தினசரி டேட்டா தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் என்கிறார்களே, அது 64,000 பிட், அதாவது நொடிக்கு 8 கேபி. 3 எம்பி போட்டோ ஒன்று போக 375 நொடி, ஆறேகால் நிமிடம். போன் கெட்டுப்போகவில்லை.

பழைய லீஸ்டு லைன் (தனக்கென வாடகைக்கு எடுத்த லைன்) வைத்திருக்கும் எஸ்டேட் ஆபீஸ்களுக்கு இ-1 கணக்கு வேண்டும். 64 கேபிபிஎஸ் கொண்ட 32 சேனல், மொத்தம் 2.048 எம்பிபிஎஸ். முதல் சேனல் ஒத்திசைவுக்குப் போய்விடும்; மீதி 31 சேனலில் 1,984 கேபிபிஎஸ், நொடிக்கு 248 கேபி. பல இ-1 லைன்களைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் எஸ்டிஎம்-1 என்ற பெரிய லிங்க் 155.52 எம்பிபிஎஸ். அதை 2.048-ஆல் வகுத்தால் 75.9 வரும், 75 லைன் ஏற்றலாம் என்று நினைப்பது தவறு. அதன் கட்டமைப்பில் இ-1 ஏறுவது 63 மட்டுமே. வெறும் வகுத்தல் கைகொடுக்காத இடம் இது.

ஃபைபர் வீட்டு இணைப்பில் ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஜிபான் முறை, கீழ்நோக்கி (டவுன்லோடுக்கு) 2.488 ஜிபிபிஎஸ். அதை 64 வீடுகளுக்குப் பிரித்திருந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுக்கும்போது ஆளுக்குச் சுமார் 39 எம்பிபிஎஸ்.

மொபைல் டவருக்குக் கேபிளுக்குப் பதில் மைக்ரோவேவ் (ரேடியோ) லிங்க் வரும் இடங்களில் வேகம் வானிலையோடு மாறும். நல்ல வானிலையில் ஒரு சிம்பலுக்கு (ரேடியோ அலையின் ஒரு துடிப்புக்கு) 8 பிட் அனுப்பும் லிங்க், கனமழையில் 2 பிட்டுக்கு இறங்கும். 200 எம்பிபிஎஸ் 50 ஆகிவிடும். மூடுபனிமேல் பழி போடுவது இங்கே வழக்கம். 15, 23 கிகாஹெர்ட்ஸ் லிங்குகளில் பனியின் பாதிப்பு சொற்பம். வேகத்தைக் குறைப்பது மழைதான்.

தேயிலை ஃபாக்டரிகளில் அதிகம் தேவைப்படுவது சிசிடிவி கணக்கு. 1 எம்பிபிஎஸ் நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி (0.125 எம்பி × 86,400 நொடி). எட்டுக் கேமரா, தலா 2 எம்பிபிஎஸ் என்றால் 16 எம்பிபிஎஸ், நாளுக்கு 172.8 ஜிபி. 2 டிபி டிஸ்க்கில் 11 நாள் நிற்கும். ரெக்கார்டர் அதே டிஸ்க்கை 1,863 என்று காட்டினால் அந்த எண்ணை 172.8-ஆல் வகுக்காதீர்கள், அது 1024 கணக்கு, இது 1000 கணக்கு.

இந்தக் கேமராக்களை வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் 16-ஐ அப்லோடு வேகத்தோடு ஒப்பிடுங்கள், டவுன்லோடோடு அல்ல. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் 4ஜி டாங்கிள்தான் துணை. அதில் அப்லோடு 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் 16 போகாது. எட்டுப் படமும் விட்டுவிட்டு உறையும். கேமரா செட்டிங்கில் சப்-ஸ்ட்ரீமை (தரம் குறைந்த இரண்டாவது படம்) தலா 1,000 கேபிபிஎஸ் என்று வைத்து, வெளியில் அனுப்புவதை அதற்கு மாற்றுங்கள். மொத்தம் 8, மீதி 2 ஆபீஸ் பில் வேலைக்கு. மழைக்கு முன்பே ஒரு நாள் ஃபைபரைப் பிடுங்கிவிட்டு டாங்கிளில் ஸ்பீடு டெஸ்ட் செய்து, அந்த அப்லோடு எண்ணை ரூட்டர்மேல் ஒட்டி வையுங்கள்.